ரோண்டா வீட்டுப் பிள்ளைகள்

2016 ஜனவரியில் வெளியான ஒரு புகைப்படம் ஸ்பெயினையே இரண்டு கட்சியாகப் பிரித்தது. ஒரு கையில் ஐந்து மாதக் குழந்தையை மார்போடு அணைத்தபடி, மறு கையில் துணியை வீசி ஒரு கிடாரியைத் தன்னைச் சுற்றி ஓடவிடுகிறார் ஒரு மனிதர். பெயர் பிரான்சிஸ்கோ ரிவேரா ஓர்தோன்யெஸ். காளைச்சண்டை வீரர். குழந்தை அவருடைய மகள். படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டதும் அவரேதான். எங்கள் குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறை இன்று களம் இறங்குகிறது, தாத்தா அப்பாவை இப்படித் தூக்கினார், அப்பா என்னைத் தூக்கினார், நான் என் மகளைத் தூக்குகிறேன் என்ற பொருளில் பெருமையோடு எழுதியிருந்தார்.

பெற்ற பிள்ளையைக் கொம்புக்கு முன்னால் தூக்கிக்கொண்டு போகிற தகப்பன் உண்டா என்று நாடு கொதித்தது. விசாரணை வந்தது. என் கையைவிடப் பத்திரமான இடம் அவளுக்கு வேறு இல்லை என்று அவர் பதில் சொன்னார். சக வீரர்கள் சிலர் தங்கள் பிள்ளைகளோடு எடுத்த இதேபோன்ற படங்களை வெளியிட்டு அவர் பக்கம் நின்றார்கள்.

படத்தை மட்டும் பார்த்தால் யாருக்கும் கோபம்தான் வரும். எனக்கும் வந்தது, இன்னும் போகவில்லை. ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கையில் இரண்டு தேதிகளை அறிந்த பிறகு கோபத்தோடு இரக்கமும் சேர்ந்துகொண்டது. 2015 ஆகஸ்ட் 10 அன்று, வடக்கே வெஸ்கா நகரில் ஒரு காளை அவருடைய அடிவயிற்றைக் கிழித்தது. உயிர் தப்பியது பெரும்பாடு. அப்போது மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. சில நாளில் பிறந்த பெண்தான் அந்தப் படத்தில் இருக்கும் குழந்தை. இன்னொரு தேதி 1984 செப்டம்பர் 26. அன்று அவருக்கு வயது பத்து.

செருப்புக் கடையிலிருந்து

கதை ரோண்டாவில் தொடங்குகிறது. தெற்கு ஸ்பெயினில், செங்குத்தான பள்ளத்தாக்கின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும் ஊர். அங்குள்ள காளைச்சண்டை அரங்கம் 1785-இல் திறக்கப்பட்டது. கல் தூண்கள் தாங்கும் இரண்டடுக்கு வளைவுகள், நடுவே 66 மீட்டர் விட்டமுள்ள மணல் வட்டம். குதிரையில் ஏறி ஈட்டியால் காளையை எதிர்கொள்வது பிரபுக்களின் விளையாட்டாக இருந்த காலத்தில், தரையில் நின்று துணியும் வாளுமாக எதிர்கொள்ளும் முறைக்கு ஒழுங்கு கொடுத்த ரொமேரோ குடும்பம் இந்த ஊரைச் சேர்ந்ததுதான். அந்த வீட்டுப் பேரன் பெத்ரோ ரொமேரோ ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட காளைகளைக் கொன்றும் பெரிய காயமின்றி முதுமை அடைந்தார் என்று ஊர் சொல்கிறது.

அதே ஊரில் 1904-இல், லா பால்மா என்ற செருப்புக் கடையை நடத்தியவர் வீட்டில் ஒரு பையன் பிறந்தான். கயெத்தானோ ஓர்தோன்யெஸ். கடைப் பெயரே அவனுக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. ‘நீன்யோ தெ லா பால்மா’, அதாவது லா பால்மா வீட்டுப் பையன். 1925 ஜூனில் செவில் நகரில், அந்நாளின் பெரும் வீரர் ஹுவான் பெல்மோந்தே அவனுக்கு ‘அல்தெர்னதீவா’ கொடுத்தார்.

இந்தச் சடங்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு மாலையில் மூன்று வீரர்கள், ஆளுக்கு இரண்டாக ஆறு காளைகள். முதலில் குதிரைமேல் இருப்பவர் ஈட்டியால் காளையின் திமில் தசையைக் குத்தித் தளர்த்துவார். அடுத்து, வண்ணக் காகிதம் சுற்றிய முள்கோல்களை அதன் முதுகில் நடுவார்கள். கடைசியில் மட்டடோர் சிறிய சிவப்புத் துணியோடு தனியாக நிற்பார், வாளால் முடிப்பார். பத்து நிமிடத்துக்குள் முடியாவிட்டால் எக்காள எச்சரிக்கை, மூன்றாவது எச்சரிக்கையோடு காளையைத் திருப்பி ஓட்டிவிடுவார்கள். வீரருக்கு அதைவிட அவமானம் இல்லை. கற்றுக்குட்டியாக இளங்காளைகளோடு ஆடிக்கொண்டிருக்கும் பையனை முழு மட்டடோராக ஏற்கும் நாளில், மூத்த வீரர் தன் முறையை விட்டுக்கொடுத்து வாளையும் துணியையும் அவன் கையில் கொடுப்பார். அதுதான் அல்தெர்னதீவா. யார் கையிலிருந்து வாள் வாங்கினான் என்பது ஒரு வீரனின் ஜாதகத்தில் கடைசிவரை எழுதப்பட்டிருக்கும்.

பெல்மோந்தே வாள் கொடுத்த அதே ஆண்டில் ஓர் அமெரிக்க இளைஞர் பம்ப்ளோனா திருவிழாவில் கயெத்தானோவைப் பார்த்து மயங்கினார். ஹெமிங்வே. அடுத்த ஆண்டு வந்த அவருடைய நாவலில் பெத்ரோ ரொமேரோ என்ற பெயரில் வரும் இளம் வீரன் இந்தக் கயெத்தானோதான். ஆனால் கொம்பு ஒருமுறை ஆழமாகப் பாய்ந்த பிறகு அவர் பழைய ஆளாக இல்லை. கால் பின்வாங்கியது. 1932-இல் வந்த புத்தகத்தில் ஹெமிங்வே அவரைக் கோழை என்ற அளவுக்குத் தாக்கி எழுதினார். உலகப் புகழ் தந்த பேனாவே உலகறிய அவமானமும் தந்தது. இருபத்தெட்டு வயதில் அதைப் படிக்க நேர்ந்த ஒருவரை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. பயப்படுவது அவ்வளவு பெரிய குற்றமா?

அவருக்குப் பிறந்த மகன்களில் ஐந்து பேர் காளைச்சண்டைக்குப் போனார்கள். அப்பா இழந்ததை மீட்டது அந்தோனியோ.

தாய்வழிச் சொத்து

காளை வளர்க்கும் பண்ணைகளில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. காளையின் உடல்கட்டு தகப்பனிடமிருந்து வரும், வீரம் தாயிடமிருந்து வரும் என்பார்கள். அதனால்தான் கிடாரிகளைச் சிறிய வளையத்தில் விட்டுச் சோதிக்கிறார்கள். ஈட்டிக்காரர் குத்தினாலும் திரும்பத் திரும்பப் பாய்ந்து வருகிற கிடாரியை மட்டும் கன்று ஈனுவதற்கு வைத்துக்கொள்வார்கள். அரங்குக்குப் போகிற காளை அதற்குமுன் தரையில் நிற்கும் மனிதனோடு மோதியிருக்கவே கூடாது. ஒருமுறை பார்த்துவிட்டால் துணியை விட்டுவிட்டு ஆளைக் குத்தக் கற்றுக்கொள்ளும். ஆகவே சோதனை பெரும்பாலும் பெண்களுக்கு, மேடை ஆண்களுக்கு.

இந்தக் குடும்பமும் ஏறக்குறைய அப்படித்தான். விளம்பரத் தட்டியில் ஏறிய பெயர்கள் எல்லாம் ஆண்களுடையவை. ஆனால் இரண்டு பெரிய வம்சங்களை ஒன்றாக முடிந்ததும், பெயரை அடுத்த தலைமுறைக்குக் கடத்தியதும் மணலில் கால் வைக்காத பெண்கள்.

கார்மினாவை எடுத்துக்கொள்ளுங்கள். தோமிங்கின் என்ற பட்டப்பெயர் கொண்ட வீரரின் மகள். அண்ணன் தம்பி மூவரும் மட்டடோர்கள். அவர்களில் லூயிஸ் மிகேல் தோமிங்கின் நாட்டின் முதல்நிலை வீரர், பிக்காசோவின் நண்பர். 1947-இல் மனோலேத்தே என்ற மகாவீரரை லினாரெஸ் நகரில் காளை கொன்ற மாலையில் அதே களத்தில் இருந்தவர். கார்மினா 1953-இல் மணந்தது அந்தோனியோ ஓர்தோன்யெஸை. பிறந்த வீடு காளைச்சண்டை, புகுந்த வீடும் காளைச்சண்டை.

1959 கோடையில் அந்த இரண்டு வீடுகளும் நேருக்கு நேர் நின்றன. மச்சானும் மச்சானும் ஊர் ஊராகப் போட்டி போட்டார்கள். மூன்று வீரர்களுக்குப் பதில் இருவர் மட்டும் காளைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் நேரடி மோதல்கள். லைஃப் பத்திரிகை பத்தாயிரம் சொற்கள் கேட்டு ஹெமிங்வேயை அனுப்பியது. அவர் லட்சத்துக்கும் மேல் எழுதித் தள்ளினார். ஜூலை 30 வலென்சியாவில் லூயிஸ் மிகேல் குத்துப்பட்டார். சில நாளில் பால்மா தெ மயோர்க்காவில் அந்தோனியோ. இருவரும் மாட்ரிட்டில் ஒரே மருத்துவமனையில் கிடந்தார்கள். ஆறுவதற்குள் எழுந்துபோய் ஆகஸ்ட் 14 அன்று மலகாவில் மறுபடி மோதினார்கள். அன்று இருவருமாக வாங்கிய பரிசுகள் பத்துக் காதுகள், நான்கு வால்கள், இரண்டு குளம்புகள். நன்றாக ஆடியவருக்கு, கொன்ற காளையின் காதை அறுத்துக் கொடுப்பது அங்கே மரபு.

உலகம் அந்தக் கோடையை இரண்டு ஆண்களின் போட்டியாகவே நினைவில் வைத்திருக்கிறது. ஒரு பக்கம் கணவன், மறுபக்கம் உடன்பிறந்தவன், ஒரே மருத்துவமனையில் இருவரும் கட்டுப்போட்டுக் கிடக்க, எந்தக் கட்டிலுக்கு முதலில் போவது என்று தவித்திருக்கக்கூடிய கார்மினாவை யாரும் கட்டுரையின் நாயகியாக்கவில்லை. இந்தக் குடும்பத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, என் கண் அவர் பக்கமே போகிறது.

அந்தோனியோ 1971-இல் தொழிலிலிருந்து விலகினார். ஆனால் ரோண்டாவை விடவில்லை. ஓவியர் கோயா வரைந்த காலத்து உடைகளை அணிந்து ஆண்டுக்கொரு முறை அங்கே நடக்கும் ‘கோயெஸ்கா’ விழா 1954-இல் தொடங்கியது. அதை உலகறியச் செய்தவர் அவர்தான். நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ் அவருக்கு அவ்வளவு நெருக்கம்; வெல்ஸின் அஸ்தி ரோண்டாவில் அந்தோனியோவின் பண்ணைக் கிணற்றில்தான் இருக்கிறது. 1998-இல் அந்தோனியோ இறந்தபோது அவருடைய அஸ்தி போனது ரோண்டா அரங்கின் மணலுக்கு.

இவருக்கும் கார்மினாவுக்கும் இரண்டு பெண்கள். மகன் இல்லை. மூத்தவள் கார்மென், அழகி, நாட்டின் பத்திரிகைகளுக்கு எந்நாளும் தீனி. 1973-இல் அவர் கைப்பிடித்தவர் பாக்கிர்ரி.

போசோபிளாங்கோ

பாக்கிர்ரி என்கிற பிரான்சிஸ்கோ ரிவேரா பெரெஸ், கடற்கரை ஊரான பார்பாத்தேயில் வளர்ந்தவர். அப்பா சின்ன அளவில் காளைச்சண்டை ஆடிப் பார்த்துவிட்டு, ஊர் இறைச்சிக்கூடத்தில் வேலைக்கு அமர்ந்தவர். வெட்டுக்கு வந்த மாடுகளை வைத்துத்தான் பையன்கள் துணி வீசப் பழகினார்கள். 1966 ஆகஸ்டில் பார்சலோனாவில் பாக்கோ கமினோவின் கையால் வாள் வாங்கினார். முள்கோல்களை உதவியாளரிடம் விடாமல் தானே ஓடி நடுவார். நளினத்துக்கு ஓர்தோன்யெஸ் என்றால், உடல் பலத்துக்கும் துணிச்சலுக்கும் பாக்கிர்ரி. கார்மெனோடு இரண்டு மகன்கள்: 1974-இல் பிரான்சிஸ்கோ, 1977-இல் கயெத்தானோ. மணவாழ்க்கை நிலைக்கவில்லை. 1983-இல் பாடகி இசபெல் பந்தோஹாவை மறுமணம் செய்தார். அடுத்த ஆண்டு இன்னொரு மகன்.

1984 செப்டம்பர் 26. சீசன் முடிகிற நேரம். கோர்தோபா மாகாணத்தின் சிற்றூர் போசோபிளாங்கோவில் திருவிழா. அவிஸ்பாதோ என்ற காளை பாக்கிர்ரியின் தொடையில் கொம்பைச் செருகி, தூக்கி, சுழற்றியது. கொம்பிலேயே தொங்கிக்கொண்டு களத்தின் குறுக்கே போனார்.

அரங்கின் சின்ன முதலுதவி அறைக்குள் ஒரு தொலைக்காட்சி கேமரா நுழைந்துவிட்டது. அதனால் அடுத்து நடந்தது ஸ்பெயின் முழுக்கப் பதிந்துபோன காட்சி. அறை முழுக்கக் கூட்டம், கத்தல், எல்லோரும் பதறுகிறார்கள். பதறாதவர் படுத்திருப்பவர் ஒருவர்தான். கொம்பு எந்தத் திசையில் போனது, எங்கே திரும்பியது என்று மருத்துவருக்கு நிதானமாக விளக்குகிறார். எங்கெல்லாம் திறக்க வேண்டுமோ திறங்கள், மற்றது உங்கள் கையில் என்கிறார். மருத்துவரையே அமைதியாக இருக்கச் சொல்கிறார். வாயை நனைத்துக்கொள்ளத் தண்ணீர் கேட்கிறார்.

கோர்தோபா நகரம் சுமார் 80 கிலோமீட்டர். மலையைச் சுற்றி வளைந்து போகும் குறுகிய சாலை. ஆம்புலன்ஸ் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. வயது 36. தொடையின் பெரிய ரத்தக்குழாய்கள்தான் காளைச்சண்டை வீரர்களின் பழைய எமன். புண்ணில் சீழ் வைத்துச் சாவது பெனிசிலினோடு குறைந்தது. அந்த நன்றிக்காகவே மாட்ரிட் அரங்க வாசலில் அலெக்சாண்டர் ஃபிளெமிங்குக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், சிலைமுன் தொப்பியை உயர்த்தி வணங்கும் மட்டடோரின் உருவத்தோடு. ஆனால் ரத்தம் கொட்டிச் சாவதைத் தடுக்க அருகில் அறுவை அரங்கம் வேண்டும். போசோபிளாங்கோவில் அது இல்லை. இந்தச் சாவுக்குக் காளை பாதிக் காரணம் என்றால், அந்தச் சாலையும் முதலுதவி அறையும் மறுபாதி. வீரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய ஒரு தொழில், தன் வீரர்களுக்கு ஒழுங்கான மருத்துவ அறை கட்டித் தராமலே இருந்தது.

அன்று அவரோடு களத்தில் இருந்த இளைஞர் எல் யியோ. அவிஸ்பாதோவை முடித்தவர் அவர். பதினோரு மாதம் கழித்து, 1985 ஆகஸ்ட் 30, வேறொரு காளையின் கொம்பு அவருடைய இதயத்தில் பாய்ந்தது. வயது 21.

செவில் அரங்கின் மணலில் பாக்கிர்ரியின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து ஒரு சுற்று வந்தார்கள். பந்தோஹாவுக்குப் பத்திரிகைகள் ‘ஸ்பெயினின் விதவை’ என்று பெயர் சூட்டின. பத்து வயதுப் பையனுக்கும் ஏழு வயதுப் பையனுக்கும் யாரும் பெயர் சூட்டவில்லை. அப்பாவின் கடைசி நிமிடங்கள் மட்டும் தொலைக்காட்சியில் மறுபடி மறுபடி வந்தன.

அப்பாவின் உடைகள்

அந்தப் பத்து வயதுப் பையன் 1995 ஏப்ரல் 23 அன்று செவில் நகரின் அதே மணலில் எஸ்பார்த்தாக்கோவின் கையால் வாள் வாங்கினான். பயிற்சி தாத்தா அந்தோனியோவுடையது. ரிவேரா என்ற பெயர் அப்பாவுடையது, ஓர்தோன்யெஸ் என்பது அம்மா வழி வந்தது. விளம்பரத் தட்டியில் இரண்டும் ஒன்றாக நின்றதும் கூட்டம் முண்டியடித்தது. அதில் பாதிப் பேர் வந்தது பாக்கிர்ரியைப் பார்க்க.

ஒரு பையனின் தலையில் ஏற்றி வைக்கிற பாரமா அது! நன்றாக ஆடினால் ரத்தத்தில் இருக்கிறது என்பார்கள். தவறினால் தாத்தா எப்படி ஆடினார் தெரியுமா என்பார்கள். தொடக்க ஆண்டுகளில் அவர் உண்மையாகவே மேல்வரிசையில் நின்றார். பிறகு விமர்சகர்களின் தராசில் இறங்கினார், வண்ணப் பத்திரிகைகளில் ஏறினார். 1998-இல் ஆல்பா சீமாட்டியின் மகளை செவில் தேவாலயத்தில் மணந்தது ராஜ குடும்பத் திருமணம் போல நடந்தது. சில ஆண்டுகளில் அது முறிந்தது. 2004-இல் அம்மா கார்மென் 49 வயதில் இறந்தார்.

2009-இல் அவருக்கு அரசின் நுண்கலைத் தங்கப் பதக்கம் அறிவிக்கப்பட்டபோது, இவருக்குக் கொடுப்பதா என்று இரண்டு வீரர்கள் தங்கள் பதக்கங்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் ஹொசே தோமாஸ், தலைமுறையின் மிகப் பெரிய பெயர். இன்னொருவர் பாக்கோ கமினோ, 1966-இல் இவருடைய அப்பாவுக்கு வாள் கொடுத்த அதே கை. கலைத் தரம் குறைந்தது என்று அவர்கள் நினைத்தது நியாயமாக இருக்கலாம். ஆனாலும் அப்பாவுக்குத் தொழிலைக் கொடுத்தவர் மகனை இப்படிப் பொதுவில் தள்ளிவிட்டதைப் படித்தபோது எனக்கு வலித்தது. அதன்பிறகு தட்டிகளில் தன் பெயரை ‘பாக்கிர்ரி’ என்று போட்டுக்கொண்டு ஆடினார் பிரான்சிஸ்கோ.

தம்பி கயெத்தானோ வேறு பாதையில் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். பலர் இருபதையொட்டியே மட்டடோர் ஆகிவிடும் தொழிலில், 29 வயதில் வந்து நின்றார். 2006 செப்டம்பரில் ரோண்டாவில் அவர் கையில் வாளைக் கொடுத்தவர் அண்ணனே. அம்மா போய் இரண்டு வருடம். தாத்தா காலடி மணலில். அதற்கு மேல் ஒரு குடும்பத்தால் எவ்வளவு பிடிவாதமாக இருக்க முடியும் என்று தெரியவில்லை.

இந்த அண்ணன் தம்பிக்கு ஒரு தீராத ஏக்கம் உண்டு. அப்பா களத்தில் அணிந்த சரிகை உடைகள், மேலங்கிகள், வாள்கள். அவை அவருடைய மறைவுக்குப் பின் பந்தோஹாவின் கந்தோரா பண்ணை வீட்டில் தங்கிவிட்டன என்பதும், மூத்த மகன்கள் அவற்றுக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள் என்பதும் ஸ்பெயினில் பத்திரிகை படிக்கிற எவருக்கும் தெரியும். சொத்துத் தகராறு என்று பேசித் தீர்த்தார்கள். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. பத்து வயதில் அப்பாவைத் தொலைத்தவன் கேட்பது அவருடைய சட்டையை.

காளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான்கைந்து வருடம் ஓக் மரக் காடுகளில் காற்றோடு திரிந்த ஒரு விலங்கு, இருபது நிமிடத்தில் ரத்தம் கக்கிச் சாகிறது. வாடிவாசலில் மாட்டைத் தழுவி, பிறகு வீட்டுக்கு ஓட்டிப்போகிற நமக்கு அது எந்த நாளும் ஏற்காது, எனக்கும் ஏற்கவில்லை. ஸ்பெயினிலேயே கருத்து மாறிவருகிறது. கத்தலோனியா 2010-இல் தடை நிறைவேற்றியது. 2016-இல் அரசமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தபிறகும் பார்சலோனாவில் காளைச்சண்டை திரும்பவில்லை. 2024-இல் அந்நாட்டுக் கலாசார அமைச்சகம் தேசிய காளைச்சண்டை விருதையே நீக்கிவிட்டது. எதிர்ப்பாளர்களின் பக்கம்தான் நியாயம் என்பது என் முடிவு. அதற்காக, இந்த வீட்டுப் பிள்ளைகளைக் கொலைகாரர்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அப்பாவைப் புரிந்துகொள்ள அவர்களுக்குக் கிடைத்த ஒரே வழி, அப்பா நின்ற இடத்தில் போய் நிற்பது.

2017 செப்டம்பர் 2, ரோண்டா கோயெஸ்கா. 43 வயதில் பிரான்சிஸ்கோ விடைபெற்றார், தாத்தாவின் அஸ்தி கலந்த மணலில். அதற்கு முந்தைய கோடையில்தான் விக்தோர் பாரியோ என்ற 29 வயது வீரரைத் தெருவெல் நகரில் காளை கொன்றிருந்தது. எல் யியோவுக்குப் பிறகு ஸ்பெயின் களத்தில் ஒரு மட்டடோர் விழுந்தது அதுவே முதல்முறை. பிரான்சிஸ்கோ உயிரோடு வெளியே வந்துவிட்டார். அப்பாவைவிட ஏழு வயது மூத்தவராக.

2019-இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். ஓர்தோன்யெஸ், தோமிங்கின், ரிவேரா என்று மூன்று வம்சங்களும் சேர்ந்த பிள்ளை. அவன் மருத்துவனாகட்டும், கடை வைக்கட்டும், ரோண்டாவில் மறுபடி செருப்பே தைக்கட்டும். அம்மா ஒரு மாலையும் தொலைபேசி மணிக்குப் பயந்து உட்கார்ந்திருக்காத ஒரு தொழில் அவனுக்கு அமையவேண்டும் என்று மனதார வேண்டுகிறேன்.